டைனமோவில் ஓடிய பாட்டு: பழைய பாடல்களுக்குள் விளையாட்டுச் சாமான்கள் எப்படி வந்தன?

ஓடிக்கொண்டிருப்பது காதல் பாட்டு. கேட்பவருக்கு மனதில் வருவதோ நுங்குக் கோம்பை இரண்டைப் பூட்டிச் செய்த வண்டில். இன்னொருவருக்குச் சோகப் பாட்டொன்றைக் கேட்டால் நல்லூர்த் திருவிழாவில் அடம்பிடித்து வாங்கிய பிளாஸ்டிக் விசில் ஞாபகம் வரும். பாட்டை எழுதிய கவிஞருக்கு அந்த வண்டிலும் தெரியாது, விசிலும் தெரியாது. பிறகு எப்படி அவை அந்தப் பாட்டுக்குள் போய்க் குந்திக்கொண்டன?

இதற்கு உளவியலில் நல்ல விளக்கம் இருக்கிறது. அதை விளங்கிக்கொள்ளப் பெரிய படிப்பு ஒன்றும் தேவையில்லை. முதலில் ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் போதும். சிறுவயதைப் பற்றிய பாட்டு வேறு, சிறுவயதிலிருந்து வரும் பாட்டு, அதாவது அந்த வயதில் காதில் விழுந்து அந்த நாட்களோடு ஒட்டிக்கொண்ட பாட்டு, வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால்தான், சிறுவயதை நினைவூட்டும் பாட்டுகள் எவை என்று யாராவது கேட்டால் நாம் வரிகளுக்குள் பொம்மையையும் பட்டத்தையும் தேடத் தொடங்குகிறோம்.

வரிகளில் பொம்மை வருகிறது என்பதற்காக ஒரு பாட்டு சிறுவயதுப் பாட்டாகிவிடாது. 1964இல் வந்த ‘பொம்மை’ படத்தில் ‘நீயும் பொம்மை நானும் பொம்மை’ என்றொரு பாட்டு உண்டு. வீணை வித்துவான் எஸ். பாலசந்தர் இயக்கி இசையமைத்த படம். ஜேசுதாஸின் குரல் தமிழுக்கு வந்ததே அந்தப் பாட்டோடுதான். பெயரிலும் பொம்மை, பல்லவியிலும் பொம்மை. ஆனால் பாட்டு சொல்வது மனித வாழ்வே ஒரு பொம்மலாட்டம் என்ற தத்துவம். படத்திலோ பொம்மைக்குள் வெடிகுண்டு. அதைக் கேட்டுவிட்டுத் தன் பழைய பாவைப்பிள்ளையை நினைத்தவர் யாராவது இருந்தால், அது வரிகளின் வேலை அல்ல.

ஆங்கிலத்தில் பீட்டர், பால் அண்ட் மேரி குழு 1963இல் வெளியிட்ட ‘பஃப்’ என்ற டிராகன் பாட்டு இதற்கு நேர் எதிர்த் திசையில் நிற்கிறது. ஒரு சிறுவனும் அவனுடைய மந்திர டிராகனும் கூட்டாளிகள். சிறுவன் வளர்கிறான், வேறு விளையாட்டுகள் வருகின்றன, ஒருநாள் அவன் வராமலே போய்விடுகிறான். டிராகன் குகைக்குள் ஒதுங்கிவிடுகிறது. கைவிடப்பட்ட விளையாட்டுத் தோழனின் பக்கமிருந்து சொன்ன கதை இது. கேட்கிற பிள்ளைக்கு டிராகன்தான் தெரியும். கண் கலங்குவது பக்கத்தில் இருக்கும் தகப்பன். இப்படிப்பட்ட பாட்டுகளைப் பெரியவர்கள் பெரியவர்களுக்காகத்தான் எழுதுகிறார்கள் என்பது என் எண்ணம். பொதுவான ஒரு ஏக்கத்தை அவை நன்றாகக் கிளப்பும். ஆனால் உங்கள் வீட்டுக் கிணற்றடியையும், உங்கள் தம்பி உடைத்த பம்பரத்தையும் அவற்றால் கொண்டுவர முடியாது. அதற்கு வேறு வகைப் பாட்டு வேண்டும்.

சில பாட்டுகள் இரண்டு பக்கமும் நிற்கும். ‘இரத்தத் திலகம்’ படத்தின் ‘பசுமை நிறைந்த நினைவுகளே’ நண்பர்கள் பிரிவதைப் பற்றிய பாட்டு. கண்ணதாசன் எழுதி 1963இல் வந்தது. பிரிவைப் பற்றிய பாட்டு என்பதால் பள்ளிக்கூடப் பிரியாவிடைகளில் அதைப் பாடினார்கள். பாடிப்பாடி, அந்தப் பிரியாவிடைகளிலிருந்தே வரும் பாட்டாக அது மாறிப்போனது. இன்று அதைக் கேட்கும் ஒருவர் சினிமாவை நினைப்பதில்லை. மண்டபத்தில் அடுக்கிய கதிரைகளையும், வெயிலில் இளகிப்போன ஐசிங் கேக்கையும்தான் நினைக்கிறார்.

பாட்டு எப்படி ஒட்டுகிறது

1975இல் கோடனும் படேலியும் என்ற இரு உளவியலாளர்கள் செய்த சோதனை ஒன்று இதற்கு நல்ல தொடக்கம். சுழியோடிகளுக்குச் சில சொற்களைப் பாடமாக்கக் கொடுத்தார்கள். ஒரு தடவை தண்ணீருக்கு அடியில், இன்னொரு தடவை கரையில். பிறகு இரண்டு இடத்திலும் வைத்துக் கேட்டுப் பார்த்தார்கள். நீருக்கடியில் படித்தது நீருக்கடியில்தான் நன்றாக நினைவுக்கு வந்தது. கரையில் படித்தது கரையில் வந்தது. படித்த சொல்லுக்கும் தண்ணீருக்கும் பொருளில் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் மூளை இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கிறது.

அதாவது, நாம் எதையும் தனியாக நினைவில் வைப்பதில்லை. அந்த நேரத்தில் சுற்றிலும் இருந்த மணம், வெக்கை, சத்தம், கையில் பிடித்திருந்த சாமான் எல்லாம் சேர்ந்து ஒரே கட்டாகப் போகின்றன. பின்னொரு நாள் அந்தக் கட்டில் ஒரு துண்டு கிடைத்தால் மற்றவையும் இழுபட்டு வரும். எண்டெல் டல்விங் என்ற நினைவாற்றல் ஆய்வாளர் 1970களில் இந்தக் கருத்தைத் தெளிவாக வகுத்துச் சொன்னார். நினைவைக் கிளப்பும் அந்தத் துண்டை உளவியலில் தூண்டுகுறி என்பார்கள்.

பாட்டு மிகச் சிறந்த தூண்டுகுறி. ஏன்? பட்டத்தை விட்டவன் பட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பான், பாட்டைக் கவனிக்க மாட்டான். ஆனால் பக்கத்து வீட்டு ரேடியோ அவனுடைய காதுக்குள் பாட்டை ஊற்றிக்கொண்டுதான் இருக்கும். கண்ணும் கையும் விளையாட்டில் இருக்க, பாட்டு பின்வாசலால் உள்ளே வருகிறது. அதுமட்டுமல்ல, பட்டம் கிழிந்துபோகும், வண்டில் உக்கிப்போகும், பாவைப்பிள்ளையின் தலை கழன்றுபோகும். பாட்டு மட்டும் முப்பது வருடம் கழித்தும் அதே குரலில், அதே இடத்தில் அதே வயலினோடு வரும். அந்த நாளிலிருந்து மாறாமல் மிஞ்சிய துண்டு அதுதான்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பீட்டர் ஜனாட்டா என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இதை அளந்து பார்த்தார்கள். இளைஞர்களுக்கு, அவர்கள் சிறுவராகவும் பதின்வயதினராகவும் இருந்த காலத்துப் பிரபலமான பாட்டுத் துண்டுகளைப் போட்டுக் காட்டியபோது, அவற்றில் ஏறத்தாழ 30 சதவீதம் சொந்த வாழ்க்கையின் ஏதோ ஒரு நினைவைக் கிளப்பின. 2007இல் வெளியான ஆய்வு அது. இரண்டு வருடம் கழித்து மூளையைப் படம்பிடித்துப் பார்த்ததில், நெற்றிக்குப் பின்னால் நடுப்பகுதியில் இருக்கும் ஓரிடம் அப்படிப்பட்ட பாட்டுகளின்போது கூடுதலாக இயங்கியது தெரிந்தது. தன்னைப் பற்றி யோசிக்கும்போதும் வேலை செய்கிற பகுதி அது.

மீதி 70 சதவீதத்தையும் மறந்துவிடக் கூடாது. கேட்ட எல்லாப் பாட்டும் கதவைத் திறப்பதில்லை.

யாழ்ப்பாணத்தில் பெடலைச் சுற்றிய காலம்

இந்த விளக்கத்தைச் சோதித்துப் பார்க்க யாழ்ப்பாணத்தைப் போல ஓர் இடம் கிடைப்பது கடினம். காரணம், இங்கே பாட்டு எப்படிக் கிடைத்தது என்பது தலைமுறைக்குத் தலைமுறை அடியோடு மாறியிருக்கிறது.

எழுபதுகளில் வளர்ந்தவர்களுக்குப் பாட்டு என்றால் இலங்கை வானொலி. 1967இல் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாக மாறிய பின்னும் ஊரில் ‘சிலோன் ரேடியோ’ என்ற பேச்சு போகவில்லை. காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ போகும்போதுதான் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுவது. பி.எச். அப்துல் ஹமீடின் குரலில் ‘பாட்டுக்குப் பாட்டு’. யார் வீட்டிலும் பாட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பிள்ளைகளுக்கு இல்லை. ரேடியோ எதைப் போடுகிறதோ அதுதான். ஒழுங்கை முழுக்க ஒரே நிலையம் ஓடும். ஒரு வீட்டில் பல்லவி கேட்டால் இரண்டு வளவு தாண்டும்போது அதே பாட்டின் சரணம் கேட்கும். சிறு கற்களை எறிந்து பிடித்துக் கொக்கான் வெட்டிக்கொண்டிருந்த பெண் பிள்ளைகளுக்கும், போளை (கோலி) அடித்துக்கொண்டிருந்த பெடியன்களுக்கும் பின்னணி இசை ஒன்றுதான். அந்த வயதினர் இருவர் இன்று எங்காவது சந்தித்தால், ஒரே பாட்டுக்கு ஒரே மாதிரித் தலையாட்டுவதன் காரணம் இது.

பிறகு 1990 வந்தது. அந்த வருடம் போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் பற்றரியும் அகப்பட்டது. மண்ணெண்ணெய் விற்ற விலையில், ஜாம் போத்தலுக்குள் சிறிது எண்ணெயும் பஞ்சும் வைத்து எரித்த விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். அந்த நிலைமையிலும் பாட்டுக் கேட்டார்கள். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சில்லோடு முட்டவிட்டு, அதிலிருந்து வயர் எடுத்து ரேடியோவுக்கோ கசெற் பிளேயருக்கோ கொழுவி, பெடலைக் கையால் சுற்றுவார்கள்.

அது எப்படி வேலை செய்தது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். நினைவு எப்படி ஒட்டியது என்பதும் அதற்குள்தான் இருக்கிறது. சைக்கிள் டைனமோ லைற் எரிவதற்காகச் செய்யப்பட்டது. 6 வோல்ற், 3 வாற் அளவில்தான் தரும். அதுவும் மாறுதிசை மின்னோட்டம். ரேடியோவுக்கு நேர்திசை வேண்டும் என்பதால் இடையில் டயோட் வைத்து மாற்றினார்கள். மின்னணுவியல் படிக்காதவர்களுக்கும் அந்த வருடங்களில் டயோட் என்றால் என்னவென்று தெரிந்திருந்தது. ரேடியோ கொஞ்ச மின்சாரத்தில் ஓடிவிடும். கசெற்றுக்குத்தான் கஷ்டம். அதில் நாடாவை இழுக்கும் மோட்டர் இருக்கிறது. சுற்றும் கை ஓய்ந்தால் மோட்டர் மெதுவாகும், நாடா மெதுவாகும், பாடகரின் குரல் இளகித் தடித்துக் கீழே இறங்கும். உடனே உள்ளே இருந்து “சுத்தடா!” என்று சத்தம் வரும். கை வேகம் பிடிக்கும். குரல் மேலே ஏறும்.

பெடலைச் சுற்றும் வேலை எப்போதும் வீட்டில் ஆகச் சின்னவனுக்குத்தான். முதல் பாட்டுக்கு அது விளையாட்டு. பின்சில்லுக் கம்பிகளுக்குள் ஒரு மட்டைத் துண்டைச் செருகி டர்ரென்று சத்தம் எழுப்பிப் பேச்சு வாங்குவதும் உண்டு. மூன்றாவது பாட்டில் தோள்மூட்டு நோகத் தொடங்கும்.

இப்போது சுழியோடிகளை நினைத்துப் பாருங்கள். பாட்டு, எண்ணெய்ப் பிசுக்குள்ள பெடல், தோள் நோவு, பனைக்குப் பின்னால் இருட்டும் வானம், அண்ணன்மாரின் அதட்டல் எல்லாம் ஒரே கட்டு. அதோடு பாட்டுக்கும் கைக்கும் நேரடித் தொடர்பு வேறு. கை நின்றால் பாட்டு நின்றுவிடும். உலகத்தில் வேறெங்கே பிள்ளைகள் இப்படி ஒரு பாட்டைத் தங்கள் தோளால் ஓடவைத்தார்கள்? என் மச்சான் ஒருவன் இப்போது நல்ல ஒலிபெருக்கி வைத்து அந்தக் காலப் பாட்டுகளைக் கேட்கிறான். இரண்டாவது சரணத்தில் குரல் இளகாமல் போனால் வேறு யாரோ பாடின மாதிரிக் கிடக்குது என்பான். அவனுடைய மூளையில் பதிந்த பாட்டு அந்த இளகலோடுதான் பதிந்திருக்கிறது.

இன்னொன்று, கசெற்றுகள் குறைவு. கடையில் புதிது வருவது அரிது, வந்தாலும் வாங்கக் காசில்லை. இருந்த சில கசெற்றுகளையே நாடா தேயும் வரை கேட்டார்கள். விளையாட்டுச் சாமான்களும் அப்படித்தான். தேய்ந்த றப்பர் செருப்பை வட்டமாக வெட்டிச் சில்லு, வெறும் பால்பேணியில் வண்டில், குரும்பட்டியையும் ஈர்க்கையும் கோத்துத் தேர். செய்து முடிக்க ஒரு பின்னேரம் போய்விடும். கடையில் வாங்கிய கார் ஐந்து நிமிடத்தில் கைக்கு வரும். செருப்புச் சில்லு வண்டிலோ முழுப் பின்னேரத்தையும், அந்தப் பின்னேரத்தில் ஓடிய பாட்டுகளையும் தன்னோடு சேர்த்து வாங்கிக்கொள்கிறது. வறுமையை அழகாக்கிச் சொல்வதாக நினைக்க வேண்டாம். அந்த வருடங்களை யாரும் திரும்பக் கேட்கப் போவதில்லை. கையால் செய்தது நினைவில் ஏன் அவ்வளவு ஆழமாக நிற்கிறது என்பதற்கே இதைச் சொன்னேன்.

எல்லோருக்கும் தெரிந்த பாட்டு ஏன் வேலை செய்வதில்லை

புதிதாக இதைப் படிப்பவர்கள் வியக்கும் இடம் ஒன்று உண்டு. அதிகம் கேட்ட பாட்டுத்தான் அதிகம் நினைவூட்டும் என்று நினைப்போம். உண்மை பாதிதான். ஒரு காலத்தில் திரும்பத் திரும்பக் கேட்டு, பிறகு நெடுநாள் கேட்காமல் விட்ட பாட்டுத்தான் பலமானது.

சிறுவயதில் கேட்ட ஒரு பாட்டு பிறகு ஒவ்வொரு கலியாண வீடியோவிலும், மினி பஸ்ஸிலும், கைபேசியிலும் ஓடிக்கொண்டே இருந்தால் அதில் புதிய நினைவுகள் மேலே மேலே ஒட்டிக்கொண்டே போகும். எதைக் காட்டுவது என்று மூளைக்குத் தெரியாது. ஒரு தூண்டுகுறியில் அளவுக்கு மிஞ்சிய பாரம் ஏறிவிட்டது என்பார்கள் உளவியலாளர்கள். ஒரே மாமரத்தில் ஊரிலுள்ள ஆடுகள் எல்லாவற்றையும் கட்டிவிட்டு, இருட்டில் கயிற்றைப் பிடித்து இழுத்தால் உங்கள் ஆடு வருமா என்ன? அதே நேரம், யாருக்கும் ஞாபகமில்லாத ஒரு படத்தின் மூன்றாந்தரப் பாட்டு, பிறகு எங்குமே ஒலிக்காத பாட்டு, திடீரென்று கேட்டால் ஆளை அப்படியே உலுக்கிவிடும். ஆகவே இந்த விஷயத்தில் நல்ல பாட்டு, கெட்ட பாட்டு என்ற கணக்கு எடுபடாது. சங்கீதம் தெரிந்தவர்கள் முகம் சுழிக்கும் பாட்டுத்தான் பல பேருக்கு அம்மம்மா வீட்டு விறாந்தையைக் கொண்டுவருகிறது.

இங்கே வயதைப் பற்றியும் சொல்ல வேண்டும். வயதானவர்களிடம் வாழ்க்கையின் எந்தப் பகுதி நினைவுகள் அதிகம் என்று பார்த்தால், ஏறத்தாழ 10 வயதுக்கும் 30 வயதுக்கும் இடைப்பட்டவைதான் குவிந்து நிற்கும். வரைபடம் கீறினால் அந்த இடம் ஒரு மேடுபோலத் தெரியும். பாட்டுகளில் அந்த மேடு பதின்வயதுப் பக்கம் சாய்ந்திருக்கும். அப்படியென்றால் பட்டமும் பாவைப்பிள்ளையும் வைத்து விளையாடிய ஆறு, ஏழு வயதுப் பாட்டுகள் எங்கே போயின?

அவை நம்முடைய பாட்டுகளே அல்ல, வீட்டில் இருந்த பெரியவர்களின் பாட்டுகள். கரோல் கிரம்ஹான்சலும் ஜஸ்டின் ஸுப்னிக்கும் என்ற இரு ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வு அழகானது. இருபது வயதளவில் இருந்த இளைஞர்களிடம் 1955 முதல் 2009 வரையான பிரபலப் பாட்டுகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். தங்கள் காலத்துப் பாட்டுகளோடு, தங்கள் பெற்றோர் இளைஞராக இருந்த 1980களின் தொடக்கத்துப் பாட்டுகளிலும் அவர்களுக்கு ஒரு மேடு இருந்தது. 1960களின் பாட்டுகளிலும் சிறிதாக ஒன்று. பெற்றோர் ரசித்த பாட்டு பிள்ளையின் விளையாட்டு நேரத்துக்குள் வழிந்து வந்து அங்கேயே தங்கிவிடுகிறது.

யாழ்ப்பாணத்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். ரொறன்ரோவில் பிறந்த மருமகள் ஒருத்தி, பிறப்பதற்கு வெகுகாலத்துக்கு முன்பு வந்த பாட்டுகளுக்கு வரி பிசகாமல் வாய் அசைப்பாள். அப்பாவின் காரில், பின் ஆசனத்தில், கையில் ஏதோ ஒரு பிளாஸ்டிக் குதிரையோடு கேட்டவை அவை. அவளுக்கு அந்தப் பாட்டில் பனையும் இல்லை, டைனமோவும் இல்லை. குதிரையும் பனி தள்ளும் வண்டியின் சத்தமும்தான் இருக்கின்றன. தகப்பனும் மகளும் ஒரே பாட்டில் இரண்டு வெவ்வேறு ஊர்களைக் கேட்கிறார்கள். இரண்டும் சரிதான்.

புலவர் எழுதியதும் பேக்கரி ஓட்டோ கொண்டுவந்ததும்

பிள்ளைகளுக்கென்றே எழுதிய பாட்டுகளை விட்டுவிட்டுப் பேச முடியாது. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) எழுதிய ‘ஆடிப்பிறப்புக்கு நாளை விடுதலை’ தெரியாத யாழ்ப்பாணத்துப் பிள்ளை கிடையாது. ஆடிக் கூழுக்குப் பயறு வறுப்பதும் பச்சையரிசி இடிப்பதும் பனங்கட்டி சேர்ப்பதும் அந்தப் பாட்டுக்குள் வருகின்றன. கூழ் குடிக்கும் அதே நாளில், அந்தக் கூழைப் பற்றிய பாட்டையே பாடுகிறார்கள். முதலில் சொன்ன இரண்டு வகையும், ஒன்றைப் பற்றிய பாட்டும் அதிலிருந்தே வரும் பாட்டும், இங்கே ஒன்றாகின்றன. வருடத்துக்கு ஒருமுறை, ஜூலை நடுவில் மட்டும் அது பெரிதாக ஒலிப்பதால் பாரமும் ஏறுவதில்லை. புலவருக்கு உளவியல் தெரிந்திருக்கத் தேவையில்லை. வேலை சரியாக நடந்திருக்கிறது.

அவருடைய ‘கத்தரித் தோட்டத்து வெருளி’யும் அப்படித்தான். வெருளி என்பது தோட்டத்துக்கு நடுவில் நிற்கும் ஆளுயரப் பொம்மைதானே. பள்ளிக்கூடத்தில் அதைச் சும்மா பாடவிட மாட்டார்கள், கையை அகல விரித்து வெருளியாக நின்று பாட வேண்டும். உடம்பும் சேர்ந்து பாடமாக்கிய பாட்டு லேசில் போகாது. எழுபது வயது மனிதரிடம் அந்தப் பாட்டைத் தொடங்கிப் பாருங்கள். வரி வரும் முன்னே கை விரியும்.

இன்னொரு வகை இருக்கிறது. அதில் விளையாட்டுச் சாமானே பாடும். பூவரசம் இலையைச் சுருட்டி நுனியை நசுக்கி ஊதும் பீப்பீ, பனையோலையில் முடைந்த கிலுகிலுப்பை, எல்லாவற்றுக்கும் மேலாகப் பட்டத்தில் கட்டும் விண். வளைத்த தடியின் இரு முனைக்கும் இடையில் மெல்லிய நாரையோ நாடாவையோ இழுத்துக் கட்டிப் பட்டத்தின் தலையில் பூட்டினால், காற்றில் அது அதிர்ந்து கூவும். நாடாவின் அகலம், இழுவை, தடியின் நீளம் இவற்றைப் பொறுத்துச் சத்தம் மாறும். மார்கழி, தை மாதங்களில் வாடைக் காற்றுக்குப் பட்டத்தை ஏற்றி, நூலை மரத்தில் கட்டிவிட்டுப் படுத்தால் இரவிரவாக மேலே கூவிக்கொண்டிருக்கும். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று நடக்கும் பட்டப் போட்டிக்கு இப்போது வெளிநாடுகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அங்கே பெரிய பெரிய உருவங்களைப் படம்பிடிப்பவர்கள் பலர். வயதானவர்களில் சிலர் பட்டத்தைப் பார்ப்பதைவிட விண்ணைத்தான் கேட்கிறார்கள். எந்த வீட்டுப் பட்டம் என்று விண்ணின் சத்தத்திலேயே சொன்ன காலம் அவர்களுடையது.

இன்றைய பிள்ளைகளுக்கு? பீத்தோவன்தான்! பாணும் பணிசும் விற்றபடி இலங்கை முழுக்க ஓடும் ‘சூன் பாண்’ ஓட்டோக்கள் ஒலிக்கவிடும் மெட்டு, பீத்தோவன் 1810இல் எழுதிய ‘ஃபியூர் எலிஸ்’. அவர் இறந்து நாற்பது வருடம் கழித்து, 1867இல்தான் அது அச்சில் வந்தது. பாட்டுப் பெட்டிகளிலும் சாவி கொடுக்கும் விளையாட்டுச் சாமான்களிலும் அதே மெட்டு இருக்கிறது. வியன்னாவில் யாருக்காக எழுதினாரோ தெரியாது, யாழ்ப்பாணத்து ஒழுங்கையில் அதைக் கேட்ட பிள்ளை போளையைப் போட்டுவிட்டு மாலுபணிசுக்குக் காசு கேட்டு ஓடுகிறது. அந்தப் பிள்ளை வளர்ந்து, ஒருநாள் ஏதோவொரு ஐரோப்பிய நகரத்து அரங்கில் யாரோ பியானோவில் அதை வாசிக்கக் கேட்டால் என்ன நினைக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இனிப்பும் கசப்பும்

இப்படிப்பட்ட நினைவு சந்தோஷமா துக்கமா என்று கேட்டால், இரண்டும்தான். விட்டுவந்த ஊரையும் பழங்காலத்தையும் எண்ணி ஏங்குவதை ஒரு காலத்தில் நோயென்றே கருதினார்கள். 1688இல் யொஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் பாசல் நகரில் அதைப் பற்றி ஆய்வேடு எழுதினார். ஊரைவிட்டுப் போன சுவிஸ்காரர்கள், முக்கியமாகக் கூலிப்படையில் சேர்ந்தவர்கள், அதற்கு ஆளாவதாகப் பெயரெடுத்தார்கள். மலையில் மாடு மேய்ப்பவர்களின் மெட்டு ஒன்றைக் கேட்டால் அவர்கள் அழுது, படையைவிட்டு ஓடிவிடுவார்கள் என்றும், அதனால் அந்த மெட்டை வாசிக்கவே தடை இருந்தது என்றும் சிந்தனையாளர் ரூசோ தன்னுடைய 1768ஆம் ஆண்டு இசை அகராதியில் எழுதினார். தடை உண்மையோ கட்டுக்கதையோ, அதற்கு அவர் தந்த விளக்கம்தான் முக்கியம். அந்த மெட்டில் தனிப்பட்ட சக்தி எதுவும் இல்லை, வெளிநாட்டார் கேட்டால் அவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை, சுவிஸ்காரருக்கு அது இசையாக அல்லாமல் நினைவின் அடையாளமாகவே வேலை செய்கிறது என்றார். சுழியோடிகளை வைத்துச் சோதிப்பதற்கு 200 வருடத்துக்கு முன்பே விஷயத்தைப் பிடித்துவிட்டார்.

இன்றைய உளவியலாளர்கள் இதை நோயாகப் பார்ப்பதில்லை. பழைய நினைவு கிளம்பும்போது தனிமை உணர்வு கொஞ்சம் குறைகிறது, நமக்கும் ஆட்கள் இருக்கிறார்கள் என்ற தைரியம் வருகிறது என்கிறார்கள். ஆனால் யாழ்ப்பாணத்தில் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இங்கே ஒரு பாட்டோடு வருவது வண்டில் மட்டுமல்ல. அந்த வண்டிலை உருட்டிய கூட்டாளி இன்று இருக்கிறானா என்ற கேள்வியும் சேர்ந்தே வரும். விளையாட்டுச் சாமான்களை விட்டுவிட்டு ஓடிய இடப்பெயர்வும் வரும். சிலர் சில பாட்டுகளை நிறுத்தச் சொல்வதற்குக் காரணம் பாட்டு பிடிக்காதது அல்ல. யாராவது அப்படிக் கேட்டால் ஏனென்று துருவாமல் நிறுத்திவிடுவதே நல்லது.

வீட்டில் முயன்று பார்க்க

வயதானவர்களோடு இதைச் செய்துபார்க்க விரும்பினால் கணக்கு எளிது. அவர்களுக்கு ஏழு வயதிலிருந்து இருபது வயது வரை எந்த வருடங்கள் என்று பாருங்கள். 1950இல் பிறந்தவர் என்றால் 1957 முதல் 1970 வரை. அந்தக் காலப் பாட்டுகளில் இப்போதும் எல்லா இடத்திலும் ஓடுபவற்றைத் தள்ளிவிட்டு, மறந்துபோனவற்றைத் தேடுங்கள். அவர்களுடைய தாய் தகப்பன் கேட்ட பாட்டுகள் ஒன்றிரண்டையும் சேருங்கள், தேவாரமோ கூத்துப் பாட்டோ எதுவானாலும். மறதி நோய் வந்தவர்களில் பலருக்குப் பேர், ஊர், பிள்ளைகள் முகம் தடுமாறினாலும் பழைய பாட்டு ஓரளவு மிஞ்சியிருப்பதால், பராமரிப்பு இல்லங்களில் இதைத் திட்டமிட்டே செய்கிறார்கள். எல்லோருக்கும் பலிக்கும் என்றில்லை.

பாட்டைப் போட்டுவிட்டு “என்ன ஞாபகம் வருது?” என்று உடனே கேட்டால் பெரும்பாலும் “ஒண்டுமில்லை” என்றுதான் பதில் வரும். நினைவு வரக் கொஞ்சம் நேரம் எடுக்கும், சிலருக்கு இரண்டாவது தடவை கேட்கும்போதுதான் வரும். அதைவிடக் கையில் ஏதாவது கொடுத்துப் பாருங்கள். ஓலைத் துண்டு, நூற்கட்டை, ஐந்தாறு கூழாங்கல், எது வீட்டில் இருக்கிறதோ அது. எங்கள் அம்மம்மாவிடம் ஒரு பாட்டைப் போட்டுப் போட்டுக் கேட்டும் படத்தின் பெயரைத் தவிர ஒன்றும் வரவில்லை. மடியில் கொக்கான் கற்களை வைத்துவிட்டு அதே பாட்டைத் திரும்பப் போட்டபோது, கல்லை மேலே எறிந்துகொண்டே, தன்னோடு விளையாடிய பிள்ளைகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லத் தொடங்கினா. அவர்களில் ஒருத்தி கள்ள ஆட்டம் ஆடுவாளாம். அந்தக் கோபம் அம்மம்மாவுக்கு இன்னும் ஆறவில்லை.